அடுத்த ஏர் ரைஃபிள்: ஸ்பிரிங்கா, பிசிபியா?

அஸ்தம்பட்டிக்காரன்:
அப்பாவின் பழைய ஐஎச்பி 35, ஒரு பிரெசிஹோல், பேரம் பேசி வாங்கிய ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் என்று ஏர் ரைஃபிள்களால் பீரோ நிறைகிறது. சுடுவது மொட்டை மாடியில், பத்து மீட்டரில், காகித இலக்கு மட்டும். காக்காய், புறா பக்கம் திரும்புவதே இல்லை. அடுத்து வைராக் எச்டபிள்யூ97 என்ற ஸ்பிரிங் ரைஃபிள் மீது கண். தம்பியோ பிசிபி, அதாவது முன்கூட்டியே காற்றை அடைத்து வைத்துச் சுடும் ரகம், வாங்கச் சொல்கிறான். வீட்டம்மா பார்க்கும் பார்வை தனிக் கதை! எதை எடுக்கலாம்?

ஏற்காட்டுத் தோட்டக்காரன்:
97தான் அண்ணா. அடியில் இருக்கும் நெம்புகோலை இழுத்து ஸ்பிரிங்கை அழுத்துகிறோம், குழல் அசைவதே இல்லை. உங்கள் ஐஎச்பி 35 மாதிரி குழலை மடக்கும் இடத்தில் தளர்ந்துவிடுமோ என்ற கவலை கிடையாது. ஆனால் கனம், ஸ்கோப்போடு (குறி பார்க்கும் தொலைநோக்கி) நாலு கிலோவைத் தாண்டும். எங்கள் மலைப் பனிக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். சேலத்தில் உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

செவ்வாப்பேட்டை:
பிசிபியில் உதைப்பு கிட்டத்தட்ட இல்லை, குறி சுகமாக விழும். அப்புறம் காற்றழுத்தம் 200 பார் வரைக்கும் கைப்பம்பு அடித்துப் பாருங்கள், சேலம் வெயிலில்! எதை வாங்கினாலும் 4.5 மி.மீ. குழல், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருக்கட்டும். தாண்டினால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டும்.

அஸ்தம்பட்டிக்காரன்:
சரி, பம்பு அடிக்க என் தோள் ஒத்துவராது. 97தான், 4.5இல். அதில் குழல் மேல் வைத்துக் குறி பார்க்கும் இரும்புக் குறி இல்லையே, எந்த ஸ்கோப் போடலாம்?

ஏற்காட்டுத் தோட்டக்காரன்:
ஸ்பிரிங் ரைஃபிள் முன்னும் பின்னும் உதைக்கும், மலிவான ஸ்கோப் உள்ளுக்குள் கழன்றுவிடும். ஏர் ரைஃபிளுக்கென்றே செய்தது, பத்து மீட்டரிலும் தெளிவாக ஃபோகஸ் ஆவது, இந்த இரண்டையும் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.