24 என்றால் 24தானா?

சுழலி
“விமானம் ஓட்ட, பேட்டரி இல்லாமல் காதை மூடி மட்டும் தடுக்கிற பாசிவ் ஹெட்செட்டே போதும். அட்டையில் என்.ஆர்.ஆர். (சத்தக் குறைப்பு மதிப்பு) 24 என்று போட்டிருக்கு. காக்பிட்டில் 95 டெசிபல் என்றால் காதுக்குள் 71தான். மின்சாரத்தால் சத்தத்தைக் குறைக்கிற ஏ.என்.ஆர். ஹெட்செட் வாங்குகிறவர்கள் பேட்டரி சுமக்கப் பிறந்தவர்கள்” என்று வலவன் நேற்று முழங்கியிருந்தார். புதிதாகப் பறக்க வருகிறவர்கள் இதை நம்பிவிடுவார்கள். 24ஐ அப்படியே கழிக்கக் கூடாது. அது சி எடையில், அதாவது ஆழத் தொனியையும் ஏறக்குறைய முழுசாக எண்ணி, அளந்த சத்தத்திலிருந்து கழிக்கிற எண். மீட்டர் ஏ எடையில், அதாவது ஆழத் தொனியைக் குறைத்து எண்ணி, காட்டினால் முதலில் 7 போகும், மிச்சம் 17. அதையும் அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்புத் துறையான ஓஷா பாதியாக்குகிறது, ஏனென்றால் ஆய்வுக்கூடத்தில் மாட்டுகிற மாதிரி யாரும் மாட்டுவதில்லை. ஆக 8.5. உங்கள் 71 உண்மையில் 86.5.

வலவன்
8.5ஆ! அப்போ ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டே பறக்கலாமே. ஓஷா பாதியாக்குவது எதற்கென்று படித்தீர்களா? காதை மூடுவதா, இயந்திரச் சத்தத்தையே குறைப்பதா என்று ஒப்பிடும்போது மட்டும். ஏட்டுச் சுரைக்காய். 24 என்றால் 24.

மூணுபிளேடு
இரண்டு பேருமே தப்பு. அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நையாஷ் 1998இல் காதுமூடிக்குக் கால் பங்குதான் குறைக்கச் சொன்னது. 18.

சுழலி
அந்த 18லும் 7 போகணும் ஐயா, 11தான் வரும். பாதிக் கணக்கோடு பஞ்சாயத்துக்கு வராதீர்கள்.

விஷயம் வேறு இடத்தில் இருக்கு. இரண்டு பிளேடு புரொப்பெல்லர், நிமிடத்துக்கு 2400 சுற்று: நொடிக்கு 40 சுற்று, 80 பிளேடு வீச்சு. கியர் இல்லாத நாலு சிலிண்டர் எஞ்சினும் சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கிறது, அதுவும் 80 ஹெர்ட்ஸ். என்.ஆர்.ஆர். சோதனை தொடங்குவதே 125 ஹெர்ட்ஸில். உங்கள் 24க்குள் அந்த 80 இல்லவே இல்லை! இந்த அடித்தொனியைக் காதை மூடுகிற கிண்ணமும் அதன் விளிம்பு மெத்தையும் சரியாகத் தடுக்காது. ஏ.என்.ஆர்.தான் கிண்ணத்துக்குள் ஒரு குட்டி மைக் வைத்து, வருகிற அலையைத் தலைகீழாக்கித் திருப்பி விடுகிறது. சில நூறு ஹெர்ட்ஸ் வரை அதன் ராஜ்யம், அதற்கு மேலே கிண்ணம்தான்.

வலவன்
ஏ எடை, ஏ எடை என்று குதித்தீர்களே, 80 ஹெர்ட்ஸில் அந்த எடை 22 டெசிபலுக்கு மேல் கழிக்கிறது தெரியுமா? உங்கள் மீட்டரே அதைக் கண்டுகொள்வதில்லை. சத்தத்தால் காது முதலில் போவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் பக்கம். அங்கே தடுப்பது கிண்ணம். அட்டையில் என்ன போட்டிருக்கு? 24.

சுழலி
ஆழத் தொனி மேலே உள்ள பேச்சை அமுக்கும். ஏ.டி.சி. (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) சொல்வது புரியாமல் ரேடியோ வால்யூமை ஏற்றுவீர்கள். அந்தச் சத்தம் உங்கள் 24ஐத் தாண்டி வருவதில்லை, கிண்ணத்துக்கு உள்ளேயே பிறக்கிறது. 8.5கூட அப்புறம் மிஞ்சாது.

மூணுபிளேடு
மூன்று பிளேடு என்றால் 80 இல்லை, 120. அதையும் சொல்லுங்கள்.

சுழலி
இரண்டு பிளேடு என்று எழுதியதைப் படித்துவிட்டு வாருங்கள். 120ம் 125க்குக் கீழேதான்.

தடித்தகண்ணாடி
கண்ணாடி போட்டவர்கள் எதை வாங்குவது?

சுழலி
முதலில் கண்ணாடித் தண்டை மெல்லிசாக மாற்றுங்கள். தடித்த தண்டு மெத்தையைத் தூக்கும். அந்த இடுக்கு வழியாக முதலில் நுழைவது ஆழத் தொனிதான். புறப்படும் முன் எஞ்சினை ஓட்டிச் சோதிக்கிற ரன்-அப்பில் இரண்டு கிண்ணத்தையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் சட்டென்று இறங்கினால் மெத்தை ஒழுகுகிறது. ஜெல் மெத்தை போடலாம். ஃபோம் காய்ந்து விறைத்திருந்தால் மாற்றுங்கள். ஒழுக்கு பெரிதானால் ஏ.என்.ஆர்.ரும் திணறும், தலையைத் திருப்பினாலே காதில் பொத் பொத் என்று அடிக்கும். மைக் உதட்டோரத்திலிருந்து ஒரு விரல் தடிமனுக்குள் இருக்கணும். தள்ளி வைத்துவிட்டு ரேடியோவைக் குறை சொல்லாதீர்கள்.

வலவன்
ஒழுகினால் ஏ.என்.ஆர்.ரும் திணறுமாம். அவரே ஒப்புக்கொண்டார். நடு வானில் பேட்டரி தீர்ந்தால்?

சுழலி
எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. தீர்ந்தாலும் ரேடியோ கேட்கிற மாடலா என்று பார்த்து வாங்கணும், உதிரி ஏ.ஏ. இரண்டு பையில் கிடக்கணும். விமானத்தில் ஹெட்செட்டுக்கு மின்சாரம் தரும் 6 பின் பேனல் இணைப்பு இருந்தால் அதுவும் வேண்டாம். ஆனால் எடை குறைந்த ஏ.என்.ஆர். பல, கரண்ட் போனதும் நல்ல பாசிவ் அளவுக்குத் தடுக்காது. இதை மறைக்கிற பழக்கம் எனக்கில்லை.

தரைக்காவல்
2007லேயே அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. எச்சரித்தது: சத்தம் குறைக்கும் ஹெட்செட் எச்சரிக்கை ஒலிகளையும் மறைக்கலாம். இன்டர்காம் வழியாக வராத ஸ்டால் ஹார்ன் (இறக்கை தூக்குவிசை இழக்கப்போவதை எச்சரிக்கும் ஒலி) கேட்கிறதா என்று ஹெட்செட் மாட்டியபடியே சோதிக்கணும். அதைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம்.

வலவன்
நன்றி. ஏ.என்.ஆர். ஆபத்து என்று எஃப்.ஏ.ஏ.வே சொல்லிவிட்டது.

தரைக்காவல்
நான் அப்படிச் சொல்லவில்லை. எஃப்.ஏ.ஏ.வும் சொல்லவில்லை.

சுழலி
ஸ்டால் ஹார்ன் கீச்சுத் தொனி. ஏ.என்.ஆர். அதைத் தொடாது. அதை மறைப்பது வலவனின் அருமைக் கிண்ணம்தான். 8.5 டெசிபல் அளவுக்கு.

வலவன்
24.

மூணுபிளேடு
18.