வன்னியில் காணி வாங்க எதில் கவனத்தைக் குவிப்பது?

வணக்கம். நான் கிளிநொச்சியில் அரச பணியில் இருக்கிறேன். என் சேமிப்போடு கனடாவிலுள்ள அண்ணனும் ஒரு தொகை போடச் சம்மதித்திருக்கிறார். ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் காணி பார்த்து, மூன்றில் வந்து நிற்கிறேன்: இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல், அறிவியல்நகருக்கு அருகே, அறைகள் கட்டிப் பல்கலைக்கழக மாணவருக்கு வாடகைக்கு விடக்கூடிய ஒரு துண்டு, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வீதியில் சற்று உள்ளே ஐந்து ஏக்கர் மேட்டுக்காணி. பணத்தைப் பிரித்து மூன்றிலும் போடலாம் என்கிறார் தரகர். ஒன்றில் மட்டும் இறங்குவதானால் எதில் இறங்குவது?

மறுமொழி 1

தம்பி, நான் நில அளவையாளர் ஒருவரிடம் பல ஆண்டுகள் வேலை செய்தவன். இடத்தைத் தெரிவுசெய்ய முன்னர் காணியின் பத்திரத்தைப் பாருங்கள். வன்னியில் பெரும்பகுதி குடியேற்றத் திட்டங்களில் அரசு பகிர்ந்தளித்த காணி. தனியார் உரித்துள்ள உறுதிக் காணி குறைவு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட் (அரச அனுமதிப்பத்திரம்) பெற்ற காணியைப் பிரதேச செயலாளரின் முன் அனுமதியின்றிக் கைமாற்றினால், நீங்கள் எவ்வளவு கொடுத்திருந்தாலும் அந்தக் கைமாற்றம் செல்லாது. ‘பெர்மிட்தான், ஆனால் பயமில்லை’ என்று எவராவது சொன்னால் அங்கேயே விடைபெற்று விடுங்கள்.

மாங்குளப் பக்கம் ஒருமுறை சங்கிலி பிடித்துக் காணி அளந்தபோது, விற்பவர் காட்டிய கதியால் வேலிக்கு உள்ளேயே, பாலை மரத்தடியில், புற்றுமண்ணுக்குள் பாதி புதைந்தபடி காட்டு எல்லைக்கல் ஒன்று கிடந்தது. அதற்கு அப்பால் இருந்த காணி எதுவும் அவருடையதன்று. முற்பணம் வாங்கிய பிறகுதான் அவர் எங்களை அழைத்திருந்தார். ஐந்து ஏக்கர் மலிவாகக் கிடைக்கிறதென்றால், எதனால் மலிவு என்பதை அளந்து பார்த்தே அறியலாம்.

மறுமொழி 2

நான் வயல்காரி, வயலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மாரிமழையோடு விதைக்கும் காலபோகத்துக்கு மழையும் குளமும் கைகொடுக்கும். கோடையில் செய்யும் சிறுபோகத்தில் அப்படியன்று: குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எவ்வளவு விதைக்கலாம் என்று தீர்மானிப்பார்கள், இரண்டு ஏக்கர்க்காரருக்கு அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆகவே, இரண்டு போகக் குத்தகையைக் கணக்கிட்டு விலை பேச வேண்டாம். பின்னொரு நாள் வயலை நிரவி வீடு கட்டலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அதற்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை. சோற்றுக்கு நெல் வேண்டுமானால் வயல் நல்லது. முதலீடு என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 3

அறிவியல்நகருக்கு அருகே நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். பொறியியல், விவசாய பீடங்கள் இருப்பதால் ஆள் வருவது உறுதி. ஆயினும் பரீட்சை முடிந்த விடுமுறையில் அறைகள் வெறுமையாகிவிடும். ஆண்டுக்கு ஒன்பது மாத வாடகை என்றே நான் கணக்கு வைக்கிறேன். இங்கே முதலில் பார்க்க வேண்டியது கிணறு. மாசியில் எல்லாக் கிணறும் நிறைந்திருக்கும். ஆவணியில் போய் வாளியை இறக்கிப் பாருங்கள். நான் பங்குனியில் வாங்கி, முதல் ஆண்டே பவுசரில் (தண்ணீர் வண்டியில்) தண்ணீர் இறக்கினேன்.

இன்னும் இரண்டு விடயங்கள். உறுதியில் சகோதரர் பலரின் பிரிக்கப்படாத பங்கு இருந்தால், வடமாகாணத் தமிழருக்கான வழமைச் சட்டமாகிய தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு; அவர்களுக்கு முறையாக அறிவித்தல் கொடுக்காமல் எழுதிய உறுதியை அவர்கள் நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தலாம். அடுத்தது உங்கள் அண்ணன். அவர் கனடியக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்திருந்தால், வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அவர் பெயரில் காணி எழுத இயலாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. பணத்தை மூன்றாகப் பிரிக்கும் யோசனை தரகருக்கு மூன்று தரகுப்பணம் தருமே தவிர உங்களுக்கு ஒன்றும் தராது. வேலை முடிந்து மாலையில் சைக்கிளில் போய்ப் பார்த்துவரக்கூடிய காணியே உங்கள் கைக்குள் நிற்கும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மாங்குளத்தைக் கைவிட்டேன். அறிவியல்நகர்த் துண்டின் உறுதியில் மூன்று சகோதரிகளின் பெயர்கள் இருக்கின்றன, ஒருவர் பிரான்சில். அவரது சம்மதம் எழுத்தில் வரும்வரை முற்பணம் கொடுப்பதில்லை. இப்போது ஆனி மாதம் என்பதால், கிணற்றைப் பார்க்கவும் அவகாசம் இருக்கிறது.