ரசிகர்களின் பணத்தில் உருவான 'பார்ட் தி செகண்ட்'

கேள்வி:
நண்பர்களே, பாஸ்டனின் மாட்லின் ஆஃப் தி வெல் இசைக்குழு 2009 மே மாதம் வெளியிட்ட 'பார்ட் தி செகண்ட்' தொகுப்பைச் சில வாரங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். 2003இல் கலைந்த குழு, ரசிகர்களின் நன்கொடையால் மட்டுமே மீண்டும் ஒலிப்பதிவுக்குக் கூடியது என்று அறிந்தேன். பணம் தந்தவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், அதை அனைவருக்கும் இலவசமாகத் தரவிறக்கக் கொடுத்தது ஏன்? அந்த மயக்கமூட்டும் ஒலி எங்கிருந்து வந்தது?

மறுமொழி 1:
செலவு முழுவதையும் ரசிகர்கள் முன்னதாகவே ஏற்றுக்கொண்டதால், போட்ட முதலை மீட்க வேண்டிய நிறுவனம் எதுவும் நடுவில் இல்லை என்பதே காரணம் என்று கருதுகிறேன். படைப்புகளுக்குப் பொதுமக்களிடம் இணையவழி நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம் தொடங்கியதே 2009 ஏப்ரலில்தான் என்பதை நினைத்தால், அந்த நம்பிக்கையின் அருமை புரியும்.

மறுமொழி 2:
ஒலியைப் பற்றிச் சொல்கிறேன். குழுவை வழிநடத்திய டோபி டிரைவரும் தோழர்களும் தொடக்கத்திலிருந்தே விழிப்புநிலைக் கனவுகளிலும் (கனவு காண்கிறோம் என்று உணர்ந்தபடியே காணும் கனவுகள்), உடலைவிட்டு மனம் வெளியேறும் அனுபவத்திலும் ஈடுபாடு கொண்டவர்கள். இசையைத் தாங்கள் இயற்றவில்லை, அங்கிருந்து கண்டெடுத்து வருகிறோம் என்றே கருதினார்கள். 2001இல் இரட்டையாக வந்த 'பாத்', 'லீவிங் யுவர் பாடி மேப்' ஆகியவற்றில் மெட்டல் என்னும் கடுமையான ராக் இசையின் உறுமல் குரலும் இருந்தது. 'பார்ட் தி செகண்ட்'டில் அது விலகி, வயலினும் கிதாரும் நிதானமாகப் பின்னிச் செல்கின்றன. பாடல்கள் ஐந்துதான், ஆனால் ஒவ்வொன்றும் நீண்டது, இடைநிறுத்தாமல் கேட்க வேண்டியது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்றிரவே அந்த 2001 தொகுப்புகளிலிருந்து வரிசையாகக் கேட்கத் தொடங்குகிறேன்.