ரிக்ல ஆரம்பிச்சு சிஇஓ வரைக்கும் போக முடியுமா?

கேள்வி: நான் எண்ணெய்க் கிணறு தோண்டுற ரிக்ல டிரில்லிங் இன்ஜினியர், நாலு வருஷம் ஆச்சு. எம்பிஏ இல்லாம மேல போக முடியாதுன்னு ஆளாளுக்கு சொல்றாங்க, களத்துலேர்ந்தே தலைமைக்கு வந்தவங்க யாராவது இருக்காங்களா?

பதில் 1: விக்கி ஹோலப்ப பாருங்க. மினரல் இன்ஜினியரிங் முடிச்சுட்டு 1981ல சிட்டீஸ் சர்வீஸ்ங்கற ஆயில் கம்பெனில சேந்தாங்க, அடுத்த வருஷமே அத ஆக்சிடென்டல்ங்கற இன்னொரு ஆயில் கம்பெனி வாங்கிடுச்சு, அங்கயே இருந்து படிப்படியா ஏறி 2016ல சிஇஓ. பெரிய அமெரிக்க ஆயில் கம்பெனிக்கு தலைமை ஏத்த முதல் பெண். ஆனா 35 வருஷம் ஆச்சுங்க, அவசரப்படாதீங்க.

பதில் 2: மேல போனப்புறம் பரீட்சையே வேற. 2019ல அனடார்கோங்கற ஆயில் கம்பெனிய வாங்க, ஹோலப் தலைமைல ஆக்சிடென்டல் முதலீட்டாளர் வாரன் பஃபெட்டோட கம்பெனிகிட்ட 1,000 கோடி டாலர் வாங்குச்சு, அதுக்கு வருஷம் 8% டிவிடெண்ட் (லாபப் பங்கு). 2020 மார்ச்ல எண்ணெய் விலை சரிஞ்சதும் மத்த ஷேர்ஹோல்டர்களுக்கு மூணு மாசத்துக்கு ஒருதடவ ஷேருக்கு 79 சென்ட் டிவிடெண்ட் குடுத்தத 11 சென்ட்டா குறைக்க வேண்டியதாச்சு. பேலன்ஸ் ஷீட் படிக்க இப்பவே கத்துக்கோங்க.

பதில் 3: ரிக்க சீக்கிரம் விட்டுடாதீங்க தம்பி. நைட் ஷிப்ட்ல மட் டேங்க் (கிணத்துக்குள்ள சுத்தி வர்ற டிரில்லிங் சேறு இருக்கற தொட்டி) லெவல் கொஞ்சம் கொஞ்சமா ஏறுறத பாத்து, கிக் (பூமிக்கடியிலேர்ந்து கேஸ், எண்ணெய் கிணத்துக்குள்ள பாயறது) வருதுன்னு கிணத்த அடைச்சவனுக்கு, பின்னாடி பட்ஜெட் மீட்டிங்ல சேஃப்டி செலவ வெட்ட கை வராது.

கேட்டவர்: ரொம்ப நன்றிண்ணா, இன்னும் ரெண்டு வருஷம் ரிக்லயே இருக்கேன், அக்கவுண்ட்ஸும் படிக்கறேன்.