பழைய 40 குதிரைத்திறன் அவுட்போர்டு: எந்த புரொப்பல்லர் பொருந்தும்?

தூத்துக்குடி பக்கத்திலிருந்து:

படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினுக்குப் புரொப்பல்லர் மாற்றப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எது போட்டால் வேகம் கூடும் என்றுதான். பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு அந்தக் கேள்வி உதவாது. வழக்கமான ஆள், வலை, ஐஸ், எண்ணெய் எல்லாம் ஏற்றிக்கொண்டு திராட்டிலை (வேகப் பிடியை) முழுசாகத் திறந்தால் எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வருகிறது? இதுதான் முதல் கணக்கு. யமஹா எண்டூரோ 40 வகைக்கு வரம்பு 4500 முதல் 5500. பாரத்தோடு 5000-ஐ ஒட்டி நிற்க வேண்டும், காலியாக ஓடும்போது 5500-ஐத் தாண்டக் கூடாது.

இப்போது கிடப்பதைக் கழற்றிப் பாருங்கள். 11 1/8 × 13-ஜி என்று பொறித்திருந்தால் விட்டம் 11 1/8 அங்குலம், பிட்ச் 13 அங்குலம். தண்ணீரில் வழுக்கலே இல்லாமல் புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்தான் பிட்ச். கடைசி எழுத்தை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் வாங்கும்போது மோசம் போவது அங்கேதான். ‘ஜி’ 13 பல் ஸ்ப்ளைனுக்கு (ஷாப்டில் வெட்டிய பல் வரிசைக்கு) உள்ளது. 25 குதிரைத்திறனுக்கு வரும் ‘எஃப்’ 10 பல், 15-க்கு வரும் ‘ஜே’ 8 பல். ஒன்று மற்றொன்றின் ஷாப்டில் ஏறாது.

பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். 13 பிட்ச்சில் 4700 என்றால் 11 பிட்ச்சில் 5000, 5100 வரை எதிர்பார்க்கலாம். மூன்று பிளேடிலிருந்து நான்கு பிளேடுக்குப் போனால் அதே பிட்ச்சில் 50 முதல் 100 வரை குறையும். ஆகவே நான்கு பிளேடு போடுகிறவர்கள் பிட்ச்சை ஓர் அங்குலம் இறக்கித்தான் வாங்க வேண்டும்.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து:

அண்ணை சொன்னது சரி. ஆனா அளவைத் தொட முதல் எஞ்சினை வடிவாப் பாருங்கோ. பழைய எஞ்சின் ஆர்பிஎம் ஏறாததுக்கு புரொப்பல்லர் மட்டும் காரணம் இல்லை. கம்ப்ரெஷன் ரெண்டு சிலிண்டரிலயும் பாருங்கோ. வித்தியாசம் 10 வீதத்துக்கு மேல இருந்தா முதல்ல பிஸ்டன் ரிங் வேலை. ரிங் தேய்ஞ்ச எஞ்சினுக்குச் சின்ன பிட்ச் போட்டு ஆர்பிஎம் ஏத்தினா நோயை மறைக்கிற மாதிரித்தான்.

கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற எஞ்சினில ஆர்பிஎம் மீட்டர் இராது. பிளக் வயரில சுத்துற சின்ன மீட்டர் போதும். ஒரே இக்னிஷன் கொயிலில (பொறிக்கு மின்சாரம் குடுக்கிறது) இருந்து ரெண்டு பிளக்குக்கும் போற எஞ்சினில ஒரு சுத்துக்கு ரெண்டு தரம் பொறி அடிக்கும். மீட்டர் இரட்டிப்பாக் காட்டும். அதை 2-க்கு செட் பண்ணாமப் பார்த்திட்டு எஞ்சின் 10,000 ஓடுது எண்டு பயப்பட வேண்டாம்.

அடுத்தது புரொப்பல்லர் நடுவில இருக்கிற ரப்பர் புஷ். மெல்லமா ஓடேக்க ஒண்டும் தெரியாது. திராட்டில் கூட்டினவுடன எஞ்சின் கத்தும், போட் நகராது. உள் குழாயில தொடங்கி ரப்பருக்கு மேலால வெளி ஹப் வரைக்கும் பெயின்ரால நேர்கோடு ஒண்டு போடுங்கோ. பாரத்தோட ஒருக்கா ஓடிட்டு வந்து பாருங்கோ. கோடு முறிஞ்சு தள்ளி நிண்டா புஷ் வழுக்குது. புது புஷ் அடிச்சாலே போதும், வேற பிட்ச் தேடத் தேவையில்லை.

* * *

மறுபடியும் தூத்துக்குடி பக்கத்திலிருந்து:

மண்ணெண்ணெய் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். பெட்ரோல் இன்ஜின் தருகிற சக்தியை அதே அளவுள்ள மண்ணெண்ணெய் இன்ஜின் தராது. பெட்ரோல் 40-இல் நன்றாக ஓடிய புரொப்பல்லரை அப்படியே எடுத்து இதில் மாட்டினால் இன்ஜின் திணறும். முக்கி முக்கி 4000-இல் நாள் முழுக்க ஓடினால் கரி எக்ஸாஸ்ட் போர்ட்டில் படியும், ரிங் பள்ளத்தில் ஒட்டும், கடைசியில் பிஸ்டன் தலை ஓட்டையாகும். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, ஓரிரு அங்குலம் குறைந்த பிட்ச்தான் இதற்கு நல்லது. வலைப் படகுக்கு 13 பிட்ச் வாங்குவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வழுக்கலையும் கணக்குப் போட்டுவிடுங்கள். ஆர்பிஎம்மை கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச்சால் பெருக்கி, 1215-ஆல் வகுத்தால் வழுக்கல் இல்லாத வேகம் நாட் கணக்கில் (மணிக்கு எத்தனை கடல் மைல்) கிடைக்கும். 5000, கியர் 2, பிட்ச் 12 என்றால் 24.7 நாட். ஜிபிஎஸ்ஸில் 18 காட்டினால் வழுக்கல் 27 சதவீதம். பாரம் ஏற்றிய ஃபைபர் படகுக்கு இது ஆச்சரியமில்லை. அணியம் (முன்பக்கம்) தூக்கிச் சறுக்கி ஓடும் காலிப் படகிலும் இதே அளவு வந்தால்தான் கோளாறு. அப்போது முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின் உயரம். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். அதற்கு மேலே இருந்தால் திருப்பத்தில் காற்றை இழுத்து, நுரை தள்ளி, ஆர்பிஎம் சட்டென்று எகிறும்.

* * *

ராமேசுவரம் பக்கம் தரை, பார் (கடலடிப் பாறை) எல்லாம் தட்டும். அங்கே அலுமினியம் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் வளையாது, அடியை கியருக்கும் ஷாப்டுக்கும் கடத்திவிடும். பழைய மாடலுக்கு கியர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்தானே.

வெல்டிங் வைத்த பழைய புரொப்பல்லரை வாங்கும் முன் ஒரு சோதனை: ஷாப்டில் மாட்டி, கியரை நியூட்ரலில் வைத்து, பிளக் வயர்களைக் கழற்றிவிடுங்கள். ஒரு பிளேடின் நுனியைத் தொடுகிற மாதிரி ஒரு குச்சியை அசையாமல் நிறுத்தி, கையால் சுற்றுங்கள். மூன்று நுனியும் ஒரே இடத்தில் குச்சியை உரச வேண்டும். 2, 3 மி.மீ.க்கு மேல் விலகினால் வேண்டாம். அந்த அதிர்வு பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்றுவிடும்.

மாட்டும்போது ஸ்ப்ளைனில் தண்ணீர் தாங்கும் கிரீஸ் தடவி, முதலில் த்ரஸ்ட் வாஷர் (புரொப்பல்லரின் தள்ளுவிசையைத் தாங்கும் வளையம்), சரிவான பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க. பிறகு புரொப்பல்லர், ஸ்பேசர், வாஷர், நட்டு. நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின் ஒவ்வொரு தடவையும் புதுசு.

த்ரஸ்ட் வாஷரைக் கழற்றும்போது அதன் பின்னால் விரல் விட்டுப் பாருங்கள். நைலான் வலை நூல் சுற்றியிருந்தால் சூட்டில் உருகி ஆயில் சீலை வெட்டியிருக்கும். கீழே உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். ஆயில் பால் போல வந்தால் தண்ணீர் புகுந்தாயிற்று. சீலை மாற்றி, ஆயில் ஊற்றி, அப்புறம்தான் புது புரொப்பல்லர்.