மறு: ஃபிளிப்பருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> அகராதிப்படி துடுப்புப் பந்து. தரையோடு தாழ்ந்து வருவதால் தாழ்பந்து என்றாலும் பொருந்தும்.

வணக்கம் ஐயா.

கிரிக்கெட்டில் லெக் ஸ்பின்னர்கள் போடும் ஃபிளிப்பர் என்ற பந்துக்குத் துடுப்புப் பந்து என்ற பெயர் வேண்டாமே. அகராதியில் இருப்பது சீலும் டால்பினும் நீந்த வைத்திருக்கும் துடுப்பு. அதோடு, இலங்கைத் தமிழர்களுக்குத் துடுப்பு என்றால் மட்டை, துடுப்பாட்டம் என்றால் பேட்டிங். வீச்சாளர் போடும் பந்துக்கு மட்டையின் பெயரை வைத்தால் யாழ்ப்பாணத்தில் வர்ணனை கேட்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

தாழ்பந்திலும் சிக்கல் இருக்கிறது. ஐந்தாம் நாள் ஆடுகளத்தில் வேகப்பந்தும்தான் தாழ்ந்து வருகிறது. விழுந்தபின் பந்து என்ன ஆகிறது என்பதை விட, வீசுபவரின் கை என்ன செய்கிறது என்று பார்த்தால் நல்ல சொல் கிடைக்கும்.

லெக் ஸ்பின்னரின் வழக்கமான பந்தான லெக் பிரேக்கில் மணிக்கட்டு திரும்பும், மோதிர விரல் பந்தைச் சுழற்றிவிடும். ஃபிளிப்பரில் அப்படி இல்லை. கட்டைவிரலுக்கும் முதல் இரண்டு விரல்களுக்கும் நடுவில் பந்தை இடுக்கி, கையின் அடிப்பக்கமாகப் பிதுக்கிவிட வேண்டும். பந்து இல்லாமல் அதைச் செய்து பாருங்கள், சொடக்குப் போட்டிருப்பீர்கள். அப்படிப் பிதுங்கிய பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகும். அதனால் காற்றில் சற்றுக் கூடுதலாக மிதந்து, மட்டையாளர் கணக்குப் போட்டதைவிட அவருக்குக் கிட்டே விழும். அவரோ அளவு குறைந்த பந்து என்று நம்பி, புல் ஷாட் அடிக்கப் பின்காலுக்குப் போயிருப்பார். விழுந்த பந்து எழும்பாமல் வழுக்கி வந்து ஸ்டம்பிலோ கால்காப்பிலோ மோதும்.

ஆகவே, சொடுக்குப் பந்து.

இதற்குக் கிளாரி கிரிம்மெட் என்ற பழைய லெக் ஸ்பின்னரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். 1891இல் நியூசிலாந்தின் டனீடனில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவுக்கு வந்து, விக்டோரியாவில் நிலையான இடம் கிடைக்காமல் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். முதல் டெஸ்ட் ஆடும்போது வயது 33. 1925இல் சிட்னியில் இங்கிலாந்துக்கு எதிரான அந்த ஒரே ஆட்டத்தில் 11 விக்கெட். மொத்தம் 37 டெஸ்டில் 216. டெஸ்டில் 200 விக்கெட்டைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். ஃபிளிப்பரை உருவாக்கிய பெருமையும் அவருக்கே. அதைப் போடும்போது எழும் விரல் சொடுக்கும் சத்தத்தை வைத்தே மட்டையாளர்கள் உஷாராகிவிட்டார்களாம். மனிதர் சும்மா இருப்பாரா? சாதாரண லெக் பிரேக் போடும்போது இடக்கையால் சொடக்குப் போட்டு அவர்களைக் குழப்பினார் என்று கதை. 1935-36இல் தென்னாப்பிரிக்காவில் ஐந்து டெஸ்டில் 44 விக்கெட் எடுத்தார். அதற்குப் பிறகு அவரை டெஸ்ட் அணியில் சேர்க்கவே இல்லை. வயது 44 ஆகிவிட்டது, சரி, ஆனாலும் அநியாயம்தான்.

அப்புறம் அந்தப் பந்து புரூஸ் டூலண்ட், ரிச்சி பெனோ என்று ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர்களிடையே கைமாறி ஷேன் வார்னிடம் வந்தது. 1992 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்டில் மேற்கிந்தியத் தீவுகள் ஒரு விக்கெட்டுக்கு 143 என்று தெம்பாக நின்றபோது, ரிச்சி ரிச்சர்ட்சனைச் சாய்த்தது இதுதான். 219இல் அணி சுருண்டது. வார்ன் 52 ரன் கொடுத்து 7 விக்கெட். “ரிச்சர்ட்சன் சொடுக்குப் பந்தில் போல்டு” என்று எழுதிப் பாருங்கள், உறுத்தவில்லை.

> சொடுக்கு என்றால் கணினியில் சுட்டியை அழுத்துவது ஆயிற்றே?

ஆமாம், இருக்கட்டுமே. சொடுக்குப் பந்து என்று கேட்டு எந்த விக்கெட் கீப்பரும் சுட்டியைத் தேடப்போவதில்லை.

லெக் பிரேக் போலவே தெரிந்து எதிர்ப்பக்கம் திரும்பும் கூக்ளியின் பெயரை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. தெருவில் ஆடும் பையன்கள் வரைக்கும் கூக்ளிதான், அதை மாற்றப் போனால் நாம்தான் தோற்போம். ஸ்லைடர்தான் இடிக்கிறது. 1998இல் தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு வார்ன் ஃபிளிப்பரைக் குறைத்துக்கொண்டு ஸ்லைடரை நம்ப ஆரம்பித்தார். அதுவும் திரும்பாமல் வழுக்கி வருவதுதான், ஆனால் கையின் முன்பக்கமிருந்து வெளியேறும், சொடக்கு கிடையாது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வேறுபாடு போய்விடும். எனக்கு நழுவுபந்து என்று தோன்றுகிறது. வழுக்குப் பந்து என்றால் பனி பிடித்த பந்து என்று யாராவது நினைத்துக்கொள்வார்களோ என்றுதான் தயக்கம். உங்களில் மணிக்கட்டுச் சுழல் போட்டுப் பழகியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.