உத்தரத்தில் கருவண்டு: அடிக்கலாமா, விடலாமா?

லைன்வீட்டுக்காரி, சுங்கை சிப்புட், மலேசியா:
வீட்டுக்குப் பின்னால் மஞ்சள் மார்க்கிசா (பேஷன் ஃப்ரூட்) கொடி போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. பந்தல் முழுக்கப் பூ. போன மாதம் காய்த்தது மொத்தமே நாலு. இதற்கிடையில் அஞ்சடி (வாசல் தாழ்வாரம்) உத்தரத்தில் விரல் நுழையும் ஓட்டை போட்டு ஒரு கருவண்டு (மரம் குடையும் பெரிய கறுப்புத் தேனீ) குடியேறிவிட்டது. காலையில் எழுந்தால் தரையெல்லாம் மரத்தூள். வீட்டுக்காரர் ஸ்ப்ரே டின்னோடு நிற்கிறார். "உத்தரம் விழுந்தால் உன் வண்டா வந்து தாங்கும்?" என்கிறார். ஒரு வாரம் தவணை வாங்கியிருக்கிறேன். மதியம் அதே வண்டு பூவில் இறங்கி, முதுகெல்லாம் மஞ்சளாகப் பறப்பதைப் பார்த்தேனே! அப்படியிருந்தும் ஏன் காய் பிடிக்கவில்லை? கெலுலுட் (கொட்டாத சின்னத் தேனீ) பெட்டி வாங்கி வைத்தால் சரியாகுமா? விலை கேட்டே தலை சுற்றிவிட்டது.

கெலுலுட்_பெட்டி:
அக்கா, பெட்டி விற்கிறவன் நானே சொல்கிறேன், வாங்காதீர்கள். மார்க்கிசா பூவில் சூல்முடி, அதாவது பூந்தூளை ஏற்கும் நுனி, உயரத்தில் இருக்கும். கெலுலுட் பொடி உடம்பு. பூந்தூளை அள்ளிக்கொண்டு போய்விடும், சூல்முடியில் படாது. கருவண்டு தேன் குடிக்க நுழையும்போதுதான் முதுகு உரசும். உங்கள் கத்தரிப்பூவையும் அது பிடித்து 'ங்ங்' என்று அதிரவைத்துத் தூளை உதிர்க்கும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது.
ஒரு சந்தேகம். பந்தலில் எத்தனை கொடி?

லைன்வீட்டுக்காரி:
ஒன்றுதான். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த குச்சி. அவர் வீட்டிலும் காயே கிடையாது. கைராசி என்று நினைத்திருந்தேன்.

கெலுலுட்_பெட்டி:
அப்போ அதுதான் விஷயம். மஞ்சள் மார்க்கிசா தன் பூந்தூளைத் தானே ஏற்காது, வேறு கொடியிலிருந்து வரவேண்டும். ஒரே கொடியில் வெட்டிய குச்சிகள் எத்தனை வீட்டில் இருந்தாலும் ஒரு கொடிக்குச் சமம். அந்த நாலு காய்க்கு, ஊரில் வேறெங்கோ இருக்கும் கொடிக்கு வண்டு போய் வந்திருக்கும். விதை போட்டு இன்னும் இரண்டு கொடி ஏற்றுங்கள். பூ நடுப்பகலில்தான் விரியும், பிற்பகலில் சின்னத் தூரிகையால் நீங்களும் கைகொடுக்கலாம்.

பழைய_தோட்டத்தான்:
தங்கச்சி, எங்கள் அம்மா எழுபதுகளில் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) கையால் பூந்தூள் போட்டவர். பவுடரில் கலந்து பாளை பாளையாகப் பீய்ச்சுவார்கள். 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து சின்ன மூக்குவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அந்த வேலையே போயிற்று. சம்பளத்தைத் தின்ற வண்டு என்று அம்மா கடைசிவரை திட்டினார்! உங்களுக்கு வண்டு இலவசமாக வந்திருக்கிறது, அதைப் போய் அடிப்பதா?
ஒரு ஓட்டையால் உத்தரம் விழாது. ஆனால் வருஷா வருஷம் அதே மரத்தைக் குடைந்தால் பலம் போகும், வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காய்ந்த மரக்கட்டை ஒன்றை, சாயம் பூசாமல், பந்தல் பக்கம் மழை படாமல் கட்டித் தொங்கவிடுங்கள். கூடு காலியானதும் ஓட்டையை அடைத்து உத்தரத்துக்குச் சாயம் அடியுங்கள். சாயம் அடித்த மரத்தை அது அவ்வளவாக விரும்பாது. கையால் மட்டும் பிடிக்காதீர்கள், பெண் வண்டு கொட்டும்.

லைன்வீட்டுக்காரி:
வாசித்துக் காட்டினேன். "சாயத்துக்கு யார் காசு?" என்றார். அப்புறம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். ஸ்ப்ரே டின் இன்னும் படியில்தான் இருக்கிறது.